துணையாளுக்கும் கணக்கு வேண்டும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த வேளையில், கோர்படியைச் சேர்ந்த ஒரு தாயார் தயங்கித் தயங்கிச் சங்க அலுவலகத்துக்குள் வந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலிருந்தே கை கால் விளங்காதவன். தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்டிவிட வேண்டும், இரவில் இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முன்பு நாலு வீட்டில் வேலை செய்தவர். பிள்ளை வளர்ந்து கனம் கூடக் கூட ஒவ்வொரு வீடாக விட்டுவிட்டார். இப்போது ஒரு வீடும் இல்லை. கணவர் ஒப்பந்தத் தொழிலாளி.

"அவனுக்குப் பணம் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி வரவில்லை அண்ணே. நான் வேலையை விட்டேனே, அதற்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

எத்தனையோ ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்து வரும் நம்மிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நாமும் யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதை எழுதுபவன் ரயில்வே குமாஸ்தா. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத ஊனமுற்றவருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முக்கால் பங்கு கட்டணச் சலுகை உண்டு. அதே சலுகை கூட வரும் துணையாளுக்கும் உண்டு. ஒருவரைத் தூக்கி ஏற்ற இன்னொருவர் வேண்டும், அவருக்கும் செலவு உண்டு என்பதை ரயில்வே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் ரயிலை விட்டு இறங்கி வீட்டு வாசற்படி ஏறியதும் அந்தத் துணையாளை அரசாங்கம் மறந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கூலி வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்ளும் பெற்றோரையும் உறவினரையும் 'பராமரிப்பாளர்' என்றே சொல்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டம் வேண்டும் என்று 24-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் 'அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி, திவ்யாங் என்று மாற்றுவதற்குச் செலவில்லை, அதைச் செய்துவிட்டார்கள்.

கேரளம் 2010-இல் 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய். சொற்பத் தொகைதான். ஆனாலும் பணம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்.

நமது தாத்தாக்களைப் பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் ஆளெடுத்து இந்தப் பூனாவுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ்காரன் தன் நாட்டில் 1976-இலேயே பராமரிப்பாளருக்கு உதவித்தொகை வைத்தான். அங்கேயும் ஒரு சூது. மணமான பெண்ணுக்குக் கிடையாதாம், அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள்! ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி, நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986-இல் வென்றார். இன்று அங்கே வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவரை, சில நிபந்தனைகளோடு, வீட்டு வரிக் கணக்கில் ஆளாகச் சேர்ப்பதில்லை. அதனால் வரி குறைய வழியுண்டு.

வரிக் கழிவு நமது புனே மாநகராட்சிக்குப் புதிய சங்கதி அல்ல. சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு 1970 முதல் இருந்த 40 சதவீதச் சலுகை இடையில் பறிபோய், மக்கள் போட்ட கூச்சலால் 2023-இல் திரும்பி வந்தது. அதற்குப் பி.டி.-3 படிவம் நிரப்ப நம்மவர்கள் வரிசையில் நின்றது மறந்திருக்காது. படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் அப்படியொரு கழிவு கேட்பதில் தவறென்ன? கேட்போம். ஆனால் வரிக் கழிவு வீடு உள்ளவருக்குத்தான். வாடகைக் குடித்தனக்காரரான அந்தத் தாயாருக்கு அதனால் ஒரு காசு மிஞ்சாது. ஆகவே முதல் கோரிக்கை, பராமரிப்பாளருக்கு நேராக மாதப் படி.

மகாராஷ்டிரத்தில் இருப்பது சஞ்சய் காந்தி நிராதார் திட்டம். மாதம் 1,500 ரூபாயாக இருந்ததை ஊனமுற்றோருக்கு 2025 அக்டோபர் முதல் 2,500 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம். மாதத்துக்கு 4,166 ரூபாய்! புனேயில் இந்தப் பணத்தில் வாடகை கொடுத்து அரிசி வாங்கும் குடும்பத்தை எந்த அதிகாரியாவது காட்டட்டும். தாய் வேலையை விட்டதால் போன வருமானத்தை எந்தப் படிவமும் கேட்பதில்லை. தந்தை சம்பாதிக்கும் வருமானத்தை மட்டும் துருவித் துருவிக் கேட்கிறது.

அடுத்தது பதினைந்து ஆண்டு குடியிருப்புச் சான்று. மூன்று தலைமுறையாக இங்கே இருந்தும் பலரிடம் தாள் இல்லை. இதில் குற்றம் அரசாங்கத்தின் மேல் மட்டுமல்ல. பொங்கல் பரிசை விட மனமில்லாமல் ரேஷன் அட்டையை ஊரிலேயே வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! இரண்டு ஊரிலும் கால் வைத்து இரண்டிலும் நனைகிறோம்.

ரயில்வே ஊழியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சம்பாதிக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பின் ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரையும் ஊனத்தையும் சர்வீசில் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர் வீட்டில், அவர் போனபின் விதவைத் தாய் ஒவ்வொரு மேசையாக அலைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கவும் 2014 ஜூன் உத்தரவில் வழி உண்டு.

வரும் மாதம் சங்கம் மாவட்ட ஆட்சியரிடமும் மாநகராட்சியிடமும் மனு கொடுக்கிறது. நம் வட்டாரத்தில் யார் வீட்டில் யார், யாரைப் பார்த்துக்கொள்கிறார், அதற்காக எந்த வேலையை, எந்தப் படிப்பை விட்டார் என்று பட்டியல் எடுக்கிறோம். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட பெண் பிள்ளைகளின் பெயரையும் தயங்காமல் சொல்லுங்கள். யு.டி.ஐ.டி. அட்டை, ஆதார், மின்சார பில்லோ வாடகைத் தாளோ எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகம் வாருங்கள். வர முடியாதவர் சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாயாரின் பெயர் முதல் வரியில் இருக்கிறது.