90-உம் 5-உம் ஒன்றுதான்

சென்னையில் பயின்ற தாதிக்கு, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 90 என்றால் இயல்பு. இங்கே கருவி அதையே 5 என்று காட்டும். அங்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்கு லிட்டருக்கு மில்லிமோல். 18ஆல் வகுத்துப் பாருங்கள், மாணவர்களே. அலகைக் குழப்பிக்கொண்டால் இன்சுலின் அளவு என்னாகும்?

அதனால், வெளிநாட்டில் படித்த தாதியரைப் பதிவுக்கு முன் சோதிப்பது அவமதிப்பு என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. பிரிட்டனில் கணினித் தேர்வில் மருந்தளவுக் கணக்கு உண்டு. பிறகு 10 நிலையங்களில் செய்முறைத் தேர்வும் உண்டு. (ஆய்வகத்தில் அரட்டையடிப்போர் கவனிக்க!) நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, கைகழுவி, மருந்து கொடுத்துக் காட்ட வேண்டும். பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அது சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் ஊசி போடும் கையைத் தேர்வாளர் நேரில் பார்க்கட்டும்.