சந்தா முடிகிறது என்று சொல்ல ஓர் ஆள்

சிற்றிதழ்களை அஞ்சலில் பெற்று வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முகவரிச் சீட்டின் ஓரத்தில் 'இவ்விதழோடு தங்கள் சந்தா முடிகிறது' என்று எழுதியிருப்பார்கள். உடனே மணியார்டர் அனுப்ப வேண்டும். சோம்பியிருந்தால் இதழ் வராது. (நம் சோம்பலால் எத்தனை இதழ்கள் நின்றனவோ!)

இன்று சந்தா தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அட்டை எண்ணை ஒருமுறை கொடுத்தால் போதும். திருடர்களுக்கும் இது வசதிதான். களவுபோன அட்டை எண்களை மொத்தமாக வாங்கியவன், அவற்றில் எவை இன்னும் செல்லும் என்று சோதிக்கச் சிறுதொகைச் சந்தாப் பக்கங்களையே தேடி வருகிறான். சிறு தொகையை யாரும் கவனிப்பதில்லை. சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு அட்டைகளில் அடுக்கடுக்காக முயற்சிகள், பெரும்பாலும் மறுப்புகள். கண்காணிக்கும் மென்பொருள் தேடுவது இந்தத் தடத்தைத்தான்.

இந்திய அட்டை என்றால் இணையத்தில் ஓடிபி என்ற காவல் உண்டு. வெளிநாட்டு அட்டைகளுக்கு இங்குள்ள அந்த விதி பொருந்தாது. ஆகவே ஐயம் முதலில் அவற்றின்மீதே விழுகிறது. டொரொண்டோவிலிருந்து சந்தா கட்ட முயலும் ஈழத்து வாசகரும் அந்தத் திருடனும் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒருவரேபோல் தெரியக்கூடும். 'பரிவர்த்தனை மறுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு வாசகர் திருப்பி அனுப்பப்படுகிறார்.

திருடாதவர் மோசடிக் கணக்கில் சேர்வதும் நடக்கிறது. வங்கி அறிக்கையில் இதழின் பெயருக்குப் பதிலாக அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். 'யாரிது?' என்று திகைப்பவர் வங்கியில் முறையிடுவார். தொகை திரும்பப் பிடிக்கப்படும். அபராதக் கட்டணம் வேறு இதழின் தலையில் விழும். முறையீடுகள் பெருகினால் அட்டை நிறுவனங்கள் அந்த வணிகரையே ஐயப் பட்டியலில் சேர்க்கும். அறிக்கையில் சரியான பெயரை வரச் செய்தாலே இவற்றில் பல நிகழா.

ஆனால் காவல் முழுவதும் வாசகரை நோக்கியே நிற்பதுதான் நமக்கு உறுத்துகிறது. 2025 செப்டம்பரில் அமேசான், பிரைம் சந்தா வழக்கில் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையத்தோடு 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தெளிவான சம்மதமின்றி மக்களைச் சேர்த்தது, விலகும் வழியைச் சிக்கலாக்கியது ஆகியவை குற்றச்சாட்டுகள். அட்டை உரியவருடையது, தொகை சரியானது. எந்த மென்பொருள் இதற்கு மணியடிக்கும்?

2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய ரிசர்வ் வங்கியின் விதி, தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே அட்டைக்காரருக்குத் தகவல் சொல்லக் கோரியது. வேண்டாமென்றால் நிறுத்தும் வழியையும் தரச் சொன்னது. பலருடைய சந்தாக்கள் அப்போது அறுந்தன. நிறுவனங்கள் முணுமுணுத்தன. நாமும் முணுமுணுத்தோம். இப்போது அந்தக் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் பழைய முகவரிச் சீட்டுதான் நினைவில் எழுகிறது. சென்ற மாதம் வந்த மூன்றில் இரண்டை நிறுத்திவிட்டோம். அவற்றுள் ஒன்றில் எதற்காகச் சேர்ந்தோம் என்பதே நினைவில்லை.