நாகேஷுக்கு ஏன் இல்லை?

வடக்குப்பட்டிலிருந்து நைட் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பையன் செல்போனில் தருமியைப் பார்த்துச் சிரிக்கிறான். ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ் நடித்த ‘திருவிளையாடல்’ வந்தது 1965-இல்!

தாராபுரத்துக்காரரான நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மைத் தழும்பு முகம், ஒல்லி உடம்பு. அதை வைத்தே 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ நாயகனானார். எங்களைப் போலக் கால்கடுக்க நின்று வேலை செய்பவனுக்கு அந்தச் சர்வர் அந்நியன் இல்லை.

‘நம்மவர்’ படத்தில் மகளின் சாவை ஏற்க மறுத்து உடைந்துபோகும் அப்பா அவர். அதற்குத் தேசிய விருது தந்தார்கள், அறுபது வயது தாண்டிய பிறகு. 2009-இல் இறக்கும்வரை பத்ம விருது வரவில்லை. சிரிக்க வைப்பவன் என்றால் நமக்கு (டெல்லிக்கு மட்டுமா?) இளப்பம்தான். விருதுக் குழுக்களே, இன்று உயிரோடிருக்கும் நகைச்சுவை நடிகர்களையாவது காலத்தோடு கவனியுங்கள்.