பாடுகிறவர்களிடமிருந்து பறிக்கப்படும் பாட்டு

படைப்பாற்றல் மிகச் சிலருக்கே வாய்த்த வரம் என்றும், அது தனிமையிலும் கட்டற்ற சுதந்திரத்திலுமே மலரும் என்றும், அடுப்படியிலும் வயலிலும் கழியும் அன்றாட வாழ்வும் ஞாயிறுதோறும் ஒரே ஒழுங்கில் நடைபெறும் சபை வழிபாடும் அதை மழுங்கச் செய்யும் என்றும் படித்தவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் இதைச் சமயத்தின் மீதான குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்களோ அதே நம்பிக்கையை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, நன்றாகப் பாடத் தெரிந்த நால்வரை மேடையேற்றிவிட்டு, மற்றவர்களைக் கேட்போராக உட்கார வைக்கிறார்கள். எதிரெதிர்த் தரப்பினர் ஒன்றுபடும் இந்த நம்பிக்கை பிழையானது என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாறே போதிய சான்று தருகிறது.

என்றென்றும் நிலவிய உண்மைபோல் பேசப்படும் இக்கருத்துக்கு உண்மையில் வயது அதிகமில்லை. ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் யங் 1759இல் எழுதிய கட்டுரையில், மூலப் படைப்பு மேதையின் உள்ளிருந்து செடிபோல் தானே முளைப்பது என்றும், மற்றவை உழைப்பால் செய்யப்படும் போலிகளே என்றும் பிரித்தார். 1790இல் இம்மானுவேல் காண்ட், மேதைமை என்பது கற்றுக்கொடுக்க முடியாததும் போலச் செய்தலுக்கு முற்றிலும் எதிரானதுமான ஓர் இயல்பான திறன் என்று வரையறுத்தார். அத்திறனுக்கும் சுவையுணர்வின் கட்டுப்பாடு வேண்டும் என்று காண்டே சேர்த்துச் சொன்னதைப் பின்வந்தவர்கள் மறந்தார்கள். அவர்கள் மேதையின் உருவமாகக் கொண்டாடிய இசையமைப்பாளர் பாஹ், 1723இல் லைப்சிக் நகரின் தேவாலய இசைப் பொறுப்பை ஏற்றபின், தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய வாரந்தோறும் ஆராதனைக்குரிய, கன்டாட்டா எனப்படும் பாடற்கோவையை எழுதி, பள்ளிச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சபையார் முன்பே அறிந்திருந்த மெட்டுகளை அதனுள் பொதிந்து தந்த சம்பளக்காரர். வாரக்கெடுவும் பழகிய மெட்டும் அவருக்குத் தடையாக அமையவில்லை. அவற்றின் மீதே அவர் கட்டினார்.

தமிழ்ச் சூழலில் இதற்கு நிகரான, இன்னும் நெருக்கமான சான்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்சால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, பள்ளி ஆசிரியராக வாழ்ந்த அவர், புதிய சமயத்தைப் பாட முற்பட்டபோது புதிய வடிவம் எதையும் தேடி அலையவில்லை. தலைவன் உலா வர, தலைவி காதல் கொள்ள, குறத்தி வந்து குறி சொல்ல, அவள் கணவனான சிங்கன் பறவை பிடிக்கும் குறவஞ்சி என்ற நாடக வடிவம் கோயில்களிலும் அரசவையிலும் ஏற்கெனவே பழகிக் கிடந்தது. பெத்லகேம் குறவஞ்சியில் அவர் அந்த அச்சைக் குலைக்காமலே கிறிஸ்துவைத் தலைவனாக்கி, சீயோன் மகளாகிய தேவமோகினியைத் தலைவியாக்கி, பறவை வேட்டையை மனிதரைச் சேர்க்கும் நற்செய்திப் பணியாக மாற்றினார். அதைவிடவும் கவனிக்கத்தக்கவை அவருடைய ஞான ஏற்றப்பாட்டும் ஞானக் கும்மியும் நோவாவின் பேழைக் கதையைத் தச்சு வேலையின் வழியே சொல்லும் ஞானத்தச்ச நாடகமும். ஏற்றப்பாட்டு என்பது கிணற்றிலிருந்து நீர் இறைப்பவர்கள் சால்களை எண்ணிக்கொண்டே பாடுவது. அதன் தாளத்தைத் தருவது இறைப்பவரின் உடல். அந்தப் பாட்டைச் சமயக் கவிதைக்கு உரிய கலமாக ஒருவர் ஏற்றுக்கொண்டபோது, உழைப்பவர்கள் ஏற்கெனவே படைப்பாளிகள் என்பதை அவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ள வேண்டும்.

புலவர் ஒருவரின் பெயர் நிற்கும் இடத்திலாவது மேதைக் கொள்கைக்காரர் தப்பிக்க வழியுண்டு. ஈழத்தின் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஊர்களின் கூத்து அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. அங்கே புனிதர்களின் வரலாறும் விவிலியக் கதைகளும் விடிய விடிய ஆடப்படும் நாட்டுக்கூத்துகளாகவும், பாடலோடு உரைநடை வாசகம் கலந்துவரும் வாசகப்பாக்களாகவும் வழங்கின. மன்னாரில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு ஆட்ட மரபுகளே தனித்தனியாக வளர்ந்தன. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார், பகலில் கடலுக்கும் வயலுக்கும் போய்வந்தவர்களை இரவில் கூட்டிப் பாட்டும் ஆட்டமும் பழக்கினார்; பங்குத் திருவிழாவும் நேர்த்திக்கடனும் அதற்கு நாள் குறித்தன. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டபோது பாட்டுகள் கூடின, குறைந்தன, உள்ளூர்க் குரலுக்கேற்ப வளைந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் மூவிராசாக்கள் நாடகத்தைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்தது ஒரு தனி மனிதரின் உள்ளக் கொந்தளிப்பு அன்று. கிழக்கிலிருந்து குழந்தை இயேசுவைத் தேடிவந்த மூன்று அரசர்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தம் தொண்டையில் வைத்துத் திருத்திவந்த ஊர்களின் உழைப்பு. இதைப் படைப்பு என்று சொல்லத் தயங்குகிறவர், கையொப்பம் இல்லாததைப் படைப்பாக மதிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

கையொப்பம் இல்லாதவற்றுள் பெரும்பகுதி பெண்களுடையது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டுவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை தென்தமிழகச் சபைகளில் அறியப்பட்டது. மிசோரம் மாநிலத்துச் சபைகளில் அது 1910 முதல் பெண்களின் கையால் தொடர்ந்து நடந்துவருகிறது. கையில் காசில்லாத பெண், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளான சமையல் அரிசியைக் கொண்டு, அன்றாட வேலையின் நடுவிலேயே காணிக்கைக்கு ஒரு புது முறையைக் கண்டாள் என்றால், அந்தக் கண்டுபிடிப்பின் கூர்மை எந்தக் கவிதைக்கும் குறைந்ததன்று.

சமூகம் படைப்பாற்றலை நசுக்குவதும் உண்டே என்ற மறுப்பு வலுவானது; அதை ஒதுக்கிவிட்டு இவ்விவாதத்தை நடத்த முடியாது. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. சாஸ்திரியாரே அந்தப் பிரிவினைக்கு ஆதரவாக எழுதினார் என்பது அவருடைய பாடல்களின் அழகால் மறைந்துவிடக் கூடியதன்று. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும் மேற்கத்திய ஞானப்பாட்டுகளும் பலிபீடத்தருகே இடம்பெற்றபோது, பறை தீட்டுக்குரியதாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆனால் இந்த அநீதியைச் சரிசெய்ய முனைந்தவர் எந்த வழியில் முனைந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) கிராமத்து மெட்டிலும் பேச்சுமொழியிலும் ஆராதனை முறையையே அமைத்து, பறையை அதற்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்ணும் சமத்துவத்தை அவர் தம் இறையியலின் மையமாக்கினார். நாட்டுப்புற இசையைத் தேர்ந்ததற்கு அவர் தந்த காரணமும் அதே திசையைச் சேர்ந்தது. இசைப்புலமையோ விலையுயர்ந்த கருவியோ இல்லாதவர்களும் அதைப் பாடலாம், தம் ஊருக்கேற்ப மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தாம் எழுதிய பாட்டைப் பிறர் மாற்றுவதைப் பிழையாகக் கருதாமல், பாட்டு உயிரோடு இருப்பதன் அடையாளமாகக் கருதியவர் அவர். சாதியச் சபைக்கு அவர் தந்த மறுமொழி தனிமைக்குள் ஒதுங்குவது அன்று, நேர்மையான வேறொரு கூட்டத்தை உண்டாக்குவதே.

ஞாயிறு ஆராதனையில் பாடப்படுவதெல்லாம் கலையா, பெரும்பாலானவை சாதாரணமானவைதாமே என்று இன்னொரு தரப்பினர் கேட்பார்கள். பெரும்பாலானவை சாதாரணமானவைதாம். தத்துவ அறிஞர் மார்கரெட் போடன் 1990இல் வெளியிட்ட நூலில், ஒருவர் தம் வாழ்வில் முதன்முறையாகக் கண்டடையும் புதுமையையும் மனித வரலாற்றிலேயே முதன்முறையாகத் தோன்றும் புதுமையையும் வேறுபடுத்தி, முன்னதை உளவியல் நிலைப் படைப்பாற்றல் என்றும் பின்னதை வரலாற்று நிலைப் படைப்பாற்றல் என்றும் பிரித்தார். பின்னதும் முன்னதன் ஒரு வகையே என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாறெனில், குருத்தோலை ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக மடிக்கப் பழகும் சிறுமியையும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலும் களிமண்ணும் சேர்க்கும் இளைஞரையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மேதைகளுக்காகக் காத்திருப்பது, நாற்றங்காலை அழித்துவிட்டு அறுவடையை எதிர்பார்ப்பதாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்று கோரியது. சீர்திருத்தச் சபைகளோ அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சபையார் பாடுவதைத் தம் உரிமையாக்கிக் கொண்டவை. அவ்விரு மரபுகளிலும் வந்த நகரத்துச் சபைகள் பலவற்றில் இன்று ஒலிபெருக்கியின் வலிமை சபையின் குரலை அமுக்கிவிடுகிறது. கூட்டத்தால் எட்ட முடியாத சுருதியில் பாட்டு தொடங்குகிறது. திரையில் ஓடும் வரிகளை வாய் முணுமுணுக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகம் விலைக்கு வாங்கிய ஒலிப்பதிவுக்கு உதடசைப்பதாகச் சுருங்கிவிட்டது. இதைத் தரம் என்று அழைப்பது தவறு. கூத்துப் பழகிய ஊரில் அண்ணாவியார் குரல் கம்மியவனுக்கும் ஒரு காவலன் வேடம் கொடுத்திருப்பார், ஏனெனில் ஊரில் ஒருவன் ஆடாமல் விடப்படுவதை அவர் தம் பயிற்சியின் குறையாகவே எண்ணியிருக்க வேண்டும். சபைக் குழுக்கள் புதிய ஒலியமைப்புக்குப் பணம் ஒதுக்கும் முன், தம் சபையில் கடைசியாக யார் ஒரு பாட்டைத் தாமே கட்டினார்கள், அது எந்த ஞாயிறு பாடப்பட்டது என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை கிடைக்காத சபைகளில் முதலில் அணைக்கப்பட வேண்டியது ஒலிபெருக்கிதான்.