பலாலி: இரைச்சல் பெருகுமுன் திட்டம் வேண்டும்

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்து வைக்கப்பட்டபோது வடபகுதி மக்கள் அதனை மனமுவந்து வரவேற்றனர். கொவிட் தொற்றினால் 2020 இல் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் இங்கு பறக்கத் தொடங்கியது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்கத்தக்கதாக ஓடுபாதையை நீடிக்கும் யோசனை 2019 முதலே பேசப்பட்டு வருகின்றது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் உறவினரைக் காண்பதற்கும் கொழும்பு சென்று அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு அலைய வேண்டியிருந்த மக்களுக்கு இவ்வசதி இன்றியமையாதது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், விமான நிலையம் வளரும்போது அதனுடன் சேர்ந்தே வளர்வது இரைச்சல். அதுபற்றி எவரும் இதுவரை உரத்துப் பேசியதாகத் தெரியவில்லை. சில சிறிய விமானங்கள் மட்டுமே வந்து போகின்ற நிலையில் இதனைப் பேசுவது அவசரமன்றோ எனச் சிலர் கேட்கலாம். அவசரமன்று, இதுவே உரிய வேளை என்பதே எமது நிலைப்பாடாகும்.

இரத்மலானையைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 1935 இல் அங்கு முதல் விமானம் இறங்கியது. 1960களின் இறுதியில் சர்வதேச சேவைகள் கட்டுநாயக்காவுக்கு மாறும்வரை நாட்டின் பிரதான விமான நிலையமாக விளங்கியதும் அதுவே. இன்று அதன் ஒரு முனைக்கும் கடலுக்கும் இடையே காலி வீதியும் புகையிரதப் பாதையும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ளன. மறுமுனைக்கு அப்பால் அத்திடிய. நகரம் விமான நிலையத்தைச் சூழ்ந்துவிட்ட பின்னர் வீடுகளை அகற்றவும் முடியாது, ஓடுபாதையைத் திருப்பவும் முடியாது.

செல்வந்த நாடுகளும் இதே சிக்கலில் அகப்பட்டுத் தவிக்கின்றன. இலண்டன் ஹீத்ரோவில் இரவு 11.30 முதல் காலை 6 மணி வரையான விமானங்களுக்கு ஆண்டுக்கு 5,800 என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்தும் அயலவரின் முறைப்பாடுகள் ஓயவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தைச் சூழ வாழ்வோரின் நலனை விமானப் போக்குவரத்தின் நலனுக்குப் பின்தள்ளி நெதர்லாந்து அரசு தவறிழைத்ததென 2024 மார்ச்சில் ஹேக் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலம் கடந்து கட்டுப்படுத்த முற்படும் அரசு நீதிமன்றத்துக்கும் விமான நிறுவனங்களுக்கும் இடையே இழுபட நேர்கின்றது.

இரைச்சல் வெறும் தொல்லை மாத்திரமன்று. விமான ஒலியின் சராசரி அளவு 45 டெசிபலுக்கும், இரவு வேளையில் 40 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் 2018 இல் பரிந்துரைத்தது. ஹீத்ரோ, ஸ்கிபோல், மாட்ரிட் விமான நிலையங்களை அண்டிய 89 பாடசாலைகளின் 2,800 இற்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வு, விமான இரைச்சல் கூடக்கூட வாசித்து விளங்கும் திறன் குன்றுவதைக் காட்டியது. மியூனிக்கில் பழைய விமான நிலையம் 1992 இல் மூடப்பட்ட பின்னர் அப்பகுதிச் சிறுவரின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன. கல்வியையே மூலதனமாகக் கருதும் எமது சமூகத்துக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டியதில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001 இல் நான்கு வழிகளை வகுத்துத் தந்தது. ஒலி குறைந்த விமானங்களைப் பயன்படுத்தல், சுற்றியுள்ள நிலப் பயன்பாட்டைத் திட்டமிடல், பறக்கும் முறைகளைச் சீரமைத்தல், இவை போதாதவிடத்துச் சேவைகளுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தல் என்பனவே அவை. பலாலிக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காக அமைந்துள்ளது. ஒரு முனை கடற்பக்கம்; மறுமுனை வலிகாமம் வடக்கின் கிராமங்களையும் தோட்டங்களையும் நோக்கியது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்குபவை. ஆதலால் சோழகம் வீசும் மாதங்களில் கிராமங்களின் பக்கமாக மேலெழ வேண்டியிருக்கும். வாடை வீசும் மாதங்களில் அதே பக்கமிருந்து தாழ்ந்து வந்து இறங்க வேண்டியிருக்கும். காற்று தணிந்துள்ள வேளைகளிலாவது கடற்பக்கமாகவே வந்து, கடற்பக்கமாகவே செல்லும் விதியை இப்போதே ஏற்படுத்தலாம். அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

நிலப் பயன்பாட்டைத் திட்டமிடல் என்னும் இரண்டாவது வழிதான் பலாலியில் மிகவும் சிக்கலானது. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டு வருகின்றன. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் அங்கு ஒட்டப்பட்டதை மக்கள் மறந்துவிடவில்லை. இந்நிலையில் ‘இரைச்சல் வலயம்’ என்றொரு வரைபடம் வெளிவருமாயின், உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வேறொரு பெயரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு இடமளிக்காத வகையில், காணி விடுவிப்பு வேறு, இரைச்சல் முகாமைத்துவம் வேறு என்பதை அரசு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

விமான நிலையத்துக்கு அருகே வீடு வாங்கியவர் இரைச்சலைப் பற்றி முறையிடலாமா என்று பிற நாடுகளில் கேட்பதுண்டு. பலாலியில் அக்கேள்விக்கு இடமில்லை. மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி ஆகியவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளம் அமைக்கப்படுவதற்கு முன்பே இருந்த கிராமங்கள். எனவே திரும்பி வந்து வீடு கட்டுவோரின் கூரை, யன்னல் ஆகியவற்றை ஒலி புகாதவாறு அமைப்பதற்கான மேலதிகச் செலவை விமான நிலையமே ஏற்பது நியாயமாகும். சொந்தக் காணியில் கட்ட வேண்டாமெனத் தடுப்பது நியாயமாகாது. புதிய பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் விமானப் பாதைக்கு விலகி அமைப்பது வேறு விடயம். அது அரசின் கையிலேயே உள்ளது.

இலங்கையில் இதற்கான சட்ட அடிப்படை இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. வெலிகமவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம், எவரையும் விருப்பத்துக்கு மாறாகச் செவிமடுக்க நிர்ப்பந்திக்கலாகாது எனக் கூறி, பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்குவதைத் தடுத்தது. அத்தீர்ப்பு வழிபாட்டுத் தலங்கள் அனைத்தினதும் நடைமுறைகளைத் தொட்டது. இறைவனின் பெயரால் எழும் ஒலிக்கே எல்லை வகுத்த நாட்டில், வர்த்தக விமானத்தின் ஒலிக்கு எல்லை வகுக்கத் தயங்குவானேன்?

ஆகவே ஓடுபாதை விரிவாக்கத்துக்கு முன்னரே மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். தற்போதைய ஒலி அளவையும் விரிவாக்கத்தின் பின்னர் எதிர்பார்க்கப்படும் ஒலி அளவையும் காட்டும் வரைபடம் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, அவசர மருத்துவ, மீட்பு விமானங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்குத் தடை விதிக்கப்பட வேண்டும்; இரவுச் சேவைகள் வேரூன்றிய பின்னர் அவற்றை அகற்றுவது எளிதன்று. பிரதேச சபையும் மக்கள் பிரதிநிதிகளும் அங்கம் வகிக்கும் நிரந்தரக் குழுவொன்று முறைப்பாடுகளை விசாரிக்க வேண்டும். விமானப்படையின் பறப்புகளும் இக்குழுவின் கவனத்துக்கு உட்பட்டாலன்றி இம்முயற்சி பாதியிலேயே நின்றுவிடும். மட்டக்களப்பில் வாவியோரக் குடியிருப்புகளுக்கு அண்மையில் அமைந்துள்ள விமான நிலையத்துக்கும் இதே ஏற்பாடுகள் பொருந்தும்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெடியோசையும் இடப்பெயர்வும் கண்ட மக்கள் தமது முற்றத்துக்குத் திரும்புகின்றனர். விமானம் அவர்களுக்கு வேண்டும். அமைதியான உறக்கமும் அவர்களுக்கு வேண்டும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்குமாறு அவர்களிடம் கேட்காதிருப்பது, இன்னமும் அரசின் கையில்தான் உள்ளது.