மதியம் மூணு மணிக்கு வீட்ல யாரு?

ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் என் பொண்ணு. நாலாவது படிக்கிறா. "நாய்க்குட்டி வந்தால் நான் செய்யும் வேலைகள்"னு தலைப்புப் போட்டு, பன்னிரண்டு வேலை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிட்டா. பன்னிரண்டுல ஒன்பது கொஞ்சுற வேலை. காலையில அஞ்சரை மணிக்கு எழுந்து செய்ய வேண்டியது எதுவும் அதுல இல்லை :-)

தங்கமணி அதைப் படிச்சிட்டு, "ஏங்க, இதுல பதிமூணாவதா ஒண்ணு எழுதுங்க. மதியம் மூணு மணிக்கு வீட்ல யாரு?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லை. ஒரு மாசமா வீட்ல நடக்கிற ஆராய்ச்சி எல்லாம் அங்கேருந்துதான் கிளம்புச்சு.

என் அபிப்ராயத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மளை மாதிரி ஊரை விட்டு வந்து, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகள்ல, எந்த ஜாதி நாய், என்ன விலை, என்ன பேருன்னு பேசறதுக்கு முன்னாடி ஆள் கணக்கு போடணும். ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கை அடக்க முடியாது. மாசத்துக்கு ஒரு மணி நேரம்னு தோராயமா ஒரு கணக்கு சொல்வாங்க. காலையில எட்டரைக்குப் பூட்டின கதவு சாயங்காலம் ஆறரைக்குத் திறந்தா, நடுவுல பத்து மணி நேரம். 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் தட மெட்ரோ வந்ததுல பொம்மசந்திரா பக்கம் இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம்தான். ஆனாலும் குட்டியோட சிறுநீர்ப்பைக்கு மெட்ரோ கணக்கு புரியாது.

2020-ல எல்லாரும் வீட்ல உட்கார்ந்து வேலை பார்த்தப்போ எங்க குடியிருப்புல குட்டிகளா வந்து குவிஞ்சது. லிஃப்ட்ல ஏறினா ஒரு ஹஸ்கி, இறங்கினா ஒரு பீகிள். அப்புறம் ஆபீஸ் திறந்து வாரத்துக்கு மூணு நாள் வரணும்னு மெயில் வந்துச்சு. எங்களுக்கு மேல் மாடியில ஒரு ஹஸ்கி, பகல் முழுக்க பால்கனியில நின்னு ஊளையிடும். சைபீரியாவுல பனியில வண்டி இழுக்கிறதுக்காக வளர்த்த இனம் அது. அதைப் பத்துக்கு நாலு பால்கனியில நிறுத்தினா வேற என்ன பண்ணும்? வளர்த்தவங்க கெட்டவங்க இல்லை, கோலம் போட்ட வாசலும் கந்த சஷ்டி கவசமுமா இருக்கிற வீடு. ஆள் கணக்கு போடாம வாங்கிட்டாங்க, அவ்வளவுதான். ஒரு நாள் சத்தம் நின்னுபோச்சு. எங்கேன்னு கேட்டதுக்கு "ஃபார்ம் ஹவுஸ்ல விட்டுட்டோம்"னாங்க. நான் மேல கேட்கலை. கேட்டிருக்கணும்.

வாங்கறதா, தத்து எடுக்கிறதான்னு அடுத்த பட்டிமன்றம். விசாரிச்சப்போ ஒருத்தர் போன்லயே, "முப்பத்தஞ்சு நாள் குட்டி சார், இப்பவே எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்"னார். இது சுத்த ஏமாத்து. 2017-ல மத்திய அரசு கொண்டு வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்த்து விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். எட்டு வாரம்ங்கிறது சும்மா வச்ச கணக்கில்லை. எவ்வளவு பலமா கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்கிறதே தாயோடவும் கூடப்பிறந்ததுங்களோடவும் புரண்டு விளையாடுறப்போதான். அதைப் பாதியில பிரிச்சுக் கொண்டு வந்துட்டு, அப்புறம் "சும்மா சும்மா கடிக்குது"ன்னு நாயைத் திட்டுறோம். பதிவு எண் என்னன்னு அவர்கிட்ட கேட்டேன். லைன் கட் ஆயிடுச்சு. சிக்னல் பிரச்னையா இருக்கும் ;-)

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ராஜபாளையம் ஆசை உண்டு. சாத்தூர்க்காரனுக்கு அது இல்லாம இருக்குமா? 2005-ல தபால்துறை வெளியிட்ட நாய் முத்திரைகள்ல, கர்நாடகத்து முதோல் நாயோட நம்ம ராஜபாளையமும் ஒண்ணு. ஆனா கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் கரிசக்காட்டுல முயல் விரட்டி ஓடின உடம்பு. நீலாத்ரி ரோட்டுல வாட்டர் டேங்கருக்கும் டெம்போ டிராவலருக்கும் நடுவுல அது எங்கே ஓடும்? ஊர்ப் பெருமையைக் காட்ட ஒரு உயிரை ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுல அடைக்க மனசு வரலை.

ஆகக் கடைசியில, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி தெருநாய் ஒண்ணு போட்ட குட்டிகள்ல வந்து நிக்கிறோம். மொத்தம் ஆறு. மூணு ஆண் குட்டிக்கும் ஆள் வந்து சொல்லி வச்சாச்சு. மிச்ச மூணும் பெண். "பொட்டக் குட்டியா? வேணாம் சார், அப்புறம் குட்டி போட்டுத் தள்ளும்"னு செக்யூரிட்டியில இருந்து பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் ஒரே குரல்ல சொல்றாங்க. ஆறு மாசத்துக்கு மேல டாக்டர் சொல்ற நேரத்துல கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சு போற விஷயத்துக்கு, பிறந்த அன்னைக்கே தள்ளி வச்சிடறோம். நாய் விஷயத்துல மட்டும்தானான்னு கேட்டு வம்பை விலைக்கு வாங்க விரும்பலை. எங்க பொண்ணு கேட்டா: "ஏம்ப்பா, கேர்ள்னா வேணாமா?" பெண் குட்டிதான்னு அந்த நிமிஷமே முடிவாயிடுச்சு.

தாய் நாயோட காதுல வெட்டு அடையாளம் இல்லை. அதனால கருத்தடை ஆகலைன்னு தெரியுது. குட்டிகள் பால் மறந்ததும் அதுக்கும் ஏற்பாடு பண்ணணும். இங்கே 1991-ல இருந்து கூபா மாதிரி அமைப்புகள் இருக்கு. ஹெப்பால்ல கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. என்ன, நம்ம ஏரியாவுக்கு ஓசூர் பக்கத்து வீடு, ஹெப்பால்தான் வெளியூர்.

இப்போ ஒரு சோகக் கதை. கூட வேலை பார்க்கிற நண்பர், போன வருஷம் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார். முதல் ஊசி போட்டாச்சுங்கிற தைரியத்துல கீழே புல்வெளியில இறக்கி விட்டார். பத்தாவது வாரம் வாந்தி, ரத்தமா பேதி. பார்வோ வைரஸ். நாலு நாள் டிரிப்ஸ் ஏத்தியும் போயிடுச்சு. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும். அது முழுசா போற வரைக்கும் ஊசி சரியா வேலை செய்யாது. எந்தக் குட்டிக்கு எப்போ போகும்னு சொல்ல முடியாததாலதான் ஆறு-எட்டு வாரத்துல ஆரம்பிச்சு பதினாறு வாரம் வரைக்கும் ரெண்டு, மூணு, நாலு வார இடைவெளியில திரும்பத் திரும்பப் போடறாங்க. அந்த வரிசை முடியற வரைக்கும் மத்த நாய்ங்க நடமாடுற தரையில விடக்கூடாது. அதுக்காகக் கதவைச் சாத்தியே வச்சிருந்தா பயந்தாங்கொள்ளியா வளரும். மூணுல இருந்து பதினாலு வாரம் வரைக்கும்தான் அது உலகத்தைப் பழகிக்கிற காலம். தூக்கி வச்சுக்கிட்டு ஆட்டோ, குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன்னு எல்லாத்தையும் காட்டலாம். நண்பர் அடுத்த மாசமே வேற குட்டி கொண்டு வரப் போனார், டாக்டர்தான் தடுத்தார். அந்த வைரஸ் தரையில மாசக்கணக்கா இருக்குமாம்.

வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல. அதுவரைக்கும் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தா, குட்டிதானேன்னு விடாம பதினஞ்சு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு வீட்ல சட்டம் போட்டாச்சு.

அடுப்படியில வேற மாதிரி புரட்சி. சாத்தூர்ல இருந்து எங்கம்மா போன்ல, "பாலுஞ்சோறும் போட்டா கெடந்து வளரும் ஐயா, இதுக்கு எதுக்கு டாக்டரு?"ங்கிறாங்க. பசும்பால் நிறைய குட்டிக்குப் பேதி ஆக்கும்னு சொன்னதுக்கு, "நம்ம மணி என்னத்தத் தின்னு வளந்துச்சு?"ன்னு ஒரே போடு. வெங்காயம் நாயோட ரத்தத்துக்கு ஆகாது, பாயசத்துல போடுற திராட்சை கிட்னியைக் கெடுக்கும், சாக்லேட் வேணவே வேணாம், வெந்த கோழி எலும்பு சிதறிக் குடல்ல குத்தும். ஆகச் சாம்பார் சாதம் கட். கீழ்த்தட்டுல இருந்த வெங்காயக் கூடை பரண்ல ஏறிடுச்சு. பால்கனியில இருந்த அரளித் தொட்டி கோயிலுக்குப் போயிடுச்சு.

குடியிருப்புச் சங்கத்து நாட்டாமைகள் பத்தியும் ஒரு வார்த்தை. விலங்கு நல வாரியம் 2015-ல தெளிவா வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. பெரும்பான்மை ஓட்டு போட்டாலும் வீட்ல நாய் வளர்க்கிறதைச் சங்கம் தடை பண்ண முடியாது, லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னும் சொல்ல முடியாது. சரி, சட்டம் நம்ம பக்கம். அதுக்காகக் கையில ஒரு கவர் எடுத்துட்டுப் போய் அள்ளாம வர்றவங்களுக்கு நான் பரிஞ்சு பேச மாட்டேன். வாடகை வீடுன்னா அது தனிக்கதை, ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு பார்த்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல "நாயி மரி"ன்னு ஆரம்பிச்சேன். சிரிச்சிட்டார். (தொல்காப்பியர் நாயோட குட்டியைக் குருளைன்னு சொல்றார். பொண்ணுகிட்ட அதையே பேரா வைக்கலாமான்னு கேட்டேன். முறைச்சா.)

இனிமே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கம்மா சொன்ன மணி, நான் ஆறாவது படிக்கிறப்போ இருந்த நாய். அப்பாவுக்கு திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்துச்சு. அங்கே பார்த்த வீட்ல நாய் கூடாதுன்னுட்டாங்க. பால்காரர்கிட்ட விட்டுட்டு லாரி ஏறினோம். ஒரு வருஷம் கழிச்சு ஊருக்குப் போனப்போ ஓடிப்போய்ப் பார்த்தேன். மணி வந்துச்சு, மோந்து பார்த்துச்சு, ரெண்டு தடவை வாலை ஆட்டுச்சு. அப்புறம் திரும்பி, பால்காரர் சைக்கிளுக்குப் பின்னாடி போயிடுச்சு. கோபிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

நாமளும் மாற்றல் சாதிதானே. ஐப்பசிக்கும் தைக்கும் ஊருக்குப் போகணும். ரயில்ல ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏசியிலயும் நாயைக் கூட்டிட்டுப் போக முடியாது. முதல் வகுப்புல ஒரு அறையை முழுசா எடுக்கணும், இல்லேன்னா கார்டு வண்டியில இருக்கிற கூண்டுல தனியா வரணும். ராத்திரி முழுக்க அதை அந்தக் கூண்டுல விட என்னால முடியாது, அதனால இனிமே கார்தான். ஆன்சைட் வந்தா? அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச நாயை உள்ளேயே விடறதில்லை, மைக்ரோசிப் கட்டாயம். இந்தியா வெறிநோய் அதிகமுள்ள நாடுங்கிற பட்டியல்ல இருக்கிறதால ரத்தப் பரிசோதனை, தனிமைன்னு இன்னும் நாலு படி. மாசக்கணக்கா வேலை வாங்கும், ஆனா முடியாததில்லை. "கூட்டிட்டுப் போக முடியாத இடத்துக்கு நான் போறதில்லை"ன்னு தங்கமணி முன்னாடி சொல்லியிருக்கேன். மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை.

குட்டிக்கு இப்போ அஞ்சரை வாரம். எட்டு ஆகட்டும்னு தாய்கிட்டயே விட்டிருக்கோம். பொண்ணு தினமும் சாயங்காலம் தாய்க்குச் சோறும் முட்டையும் கொண்டு போறா. பாதி வாங்கிட்டு உறுமுது, மீதியை வாங்கிட்டு உறுமறதில்லை. அம்மா அடுத்த மாசம் வந்து ஏப்ரல் லீவு முடியற வரைக்கும் இருக்கிறேன்னிருக்காங்க. அதுக்கப்புறத்துக்கு ஃப்ரிட்ஜ் கதவுல இன்னொரு தாள் ஒட்டியாச்சு. திங்கள், வெள்ளி தங்கமணி வீட்ல இருந்து வேலை. செவ்வாய் நான். வியாழன் பக்கத்து வீட்டு மாமி, "பொட்டக் குட்டிதானே, கொண்டு வந்து விடு, பார்த்துக்கிறேன்"னு அவங்களே சொன்னாங்க.

புதன்கிழமை இன்னும் காலியா இருக்கு.