சீனத் தோட்டத்தில் ஒரு ஹாஜியின் மகன்



சீனி, சீனச்சட்டி என நம் அடுக்களையின் பெயர்களிலேயே சீனம் குடியிருக்கிறது. எங்கள் வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் சீனப் பூண்டைப் பற்றிய பேச்சு எழாத நாள் அரிது. ஆயினும் அந்த மண்ணில் பிறந்த ஒரு முஸ்லிம் பெருமகனைப் பற்றி, வரலாற்றில் பட்டம் பெற்ற நான் நெடுங்காலம் ஏதும் அறியாதிருந்தேன். அதை எனக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன்.

2018இல் சிங்கப்பூரில் வாழும் என் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஒரு மாலை ஜூரோங் ஏரியிலுள்ள சீனத் தோட்டத்திற்கு என்னை அழைத்துச் சென்றனர். 1975இல் திறக்கப்பட்ட அத்தோட்டம் 13.5 ஹெக்டேர் பரப்புடையது. வட சீனத்து அரண்மனைத் தோட்டங்களைப் பின்பற்றி, தைவான் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் அதை அமைத்தார். பெய்ஜிங் கோடை அரண்மனைப் பாலத்தை நினைவூட்டும் பதின்மூன்று வளைவுப் பாலம், ஏழு நிலைக் கோபுரம், நீர்நிலைகள் யாவும் கண்ணுக்கு விருந்தாயின.

சற்றுத் தொலைவில் வரலாற்று நாயகர்களின் சிலைகள் நின்றன. கன்பூசியஸ், போர்த்தலைவர் குவான் யூ, வீராங்கனை ஹுவா முலான் என்று ஒவ்வொரு பெயராக வாசித்தான் என் தங்கை மகன். சிலைகளில் நமக்கு என்ன வேலை என எண்ணி நான் ஒதுங்கி நின்றேன்.

"மாமா, இவர் நம்மவர்!" என்று அவன் உரக்க அழைத்தான். திரும்பிப் பார்த்தேன். கடற்படைத் தளபதி செங் ஹோவின் சிலை அது. "இவர் முஸ்லிம். பள்ளியில் படித்தோம். உங்களுக்குத் தெரியாதா?" என்றான். நான் விடையின்றி நின்றேன்.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். 1371இல் யுன்னான் மாநிலத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குடும்பப் பெயர் மா. தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் என அழைக்கப்பட்டவர்கள். சிறுவயதில் மிங் படையினரால் சிறைபிடிக்கப்பட்டு இளவரசரின் ஊழியத்தில் சேர்க்கப்பட்டார். அவ்விளவரசரே பின்னர் யோங்லே பேரரசரானார். 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணங்கள் நடைபெற்றன. முதற் பயணத்தில் மட்டும் 27,000 பேருக்கு மேல் சென்றனர். வாஸ்கோடகாமா 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்தார் என்பதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன் நான். அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே துறைமுகத்தில் செங் ஹோவின் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன.

என்னை மிகவும் நெகிழச் செய்தது மற்றொரு செய்தி. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள கல்வெட்டு அவர் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் திருமாலின் வடிவமான தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்திற்கும் உரிய காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பேரரசின் தூதராக வந்தவர், தாம் இறங்கிய கரையில் வாழ்ந்தோரின் மொழியையும் நம்பிக்கையையும் மதித்தார். அம்மொழிகளுள் ஒன்று நம் தாய்மொழி!

"ஹஜ்ரத், சிலையைப் புகழ்கிறீரா?" எனச் சிலர் வினவக்கூடும். இல்லை. உருவச்சிலை வைத்து எவரையும் நினைவுகூர்வது நம் மார்க்கத்தின் வழியன்று. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிலையை விலக்கிய நாம் அதற்கு ஈடாக எதை வைத்திருக்கிறோம்? சிலை வைப்போர் மறந்தாலும் கல் நினைவூட்டும். நமக்கோ நாவும் நூலும் மட்டுமே உண்டு. அவற்றையும் நாம் பேணாவிடின், நம் முன்னோரைப் பிறர் தோட்டத்தில்தான் சந்திக்க நேரிடும்.

எங்கள் மதரஸாவில் அஸர் தொழுகைக்குப் பின் இதை மாணவர்களிடம் கூறினேன். அவர்களுள் ஒருவரும் இப்பெயரைக் கேட்டதில்லை. குறை அவர்களுடையதன்று, கற்பிக்கும் என்னுடையது. அன்று முதல் வாரம் ஒரு நாள் வரலாற்றுக்கென ஒதுக்கியுள்ளேன்.

2019இல் புதுப்பிப்பதற்காக மூடப்பட்ட அத்தோட்டம் 2024 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாது. ஆயினும் இன்றிரவு உணவு விரிப்பில் அமரும்போது உங்கள் பிள்ளைகளிடம் அந்த ஹாஜியின் மகனைப் பற்றிச் சொல்லலாமே! அதற்குக் கட்டணமும் இல்லை, கடவுச்சீட்டும் வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.